கெடு முடிந்த நாவல்

இனி வீட்டுக்குள் ஒரு புத்தகம்கூட நுழையக் கூடாது என்று கோதண்டம் முடிவெடுத்தார். வல்லம் வடகால் கம்பெனியில் ஒரு உற்பத்தி லைனையே ஆட்டி வைக்கும் சூப்பர்வைசர் அவர். வீட்டில் மட்டும் மனைவி கனகம் சொன்ன இடத்தில் நிற்பார்.

மகள் நிலா காய்ச்சலில் போன பிறகுதான் கனகம் நாவல்களாக வாங்கத் தொடங்கினாள். வாலாஜாபாத் புத்தகக் கடையிலிருந்து வந்தவையெல்லாம் நிலாவின் கட்டிலில் ஏறின. காலிக் கட்டிலைப் பார்க்க அவளால் முடியவில்லை. நிறைந்த கட்டிலைப் பார்க்க இவரால் முடியவில்லை.

அதைச் சொல்ல வாய் வராமல் தூசி, கரையான், இடமில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. கடைசியில் அவள் போனில் நூலக ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். காசில்லாமல் இரவல் படிக்கலாம், கெடு முடிந்தால் புத்தகம் தானாகவே திரும்பிப் போய்விடும் என்று விளக்கினார். கனகம் போனிலேயே படிக்கத் தொடங்கினாள். கடைக்குப் போவதும் நின்றது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

கொஞ்ச நாள்தான். கட்டிலில் மறுபடி புதுப் புத்தகம். பின்னாலேயே இன்னொன்று. முன்பு அட்டையைப் பார்த்துத் தயங்கித் தயங்கி வாங்கியவள், இப்போது போனில் ருசி பார்த்துவிட்டுத் தைரியமாக வாங்கினாள்.

"ஓசில படிச்சத இன்னாத்துக்கு வாங்கற?"

கனகம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மனசு ஒட்டினப்புறம் கெடு முடிஞ்சிச்சுன்னு பூடுதுங்க. ஒருவாட்டி பறிகுடுத்தது போதும்."

கோதண்டத்தின் கண் எரிந்தது. வெங்காயம் என்று வைத்துக்கொண்டார்.

இருந்தாலும் ஒரு கதைப் புத்தகம் அப்படி மனசில் ஒட்டுமா என்ற சந்தேகம் விடவில்லை. அவளிடமே ஒரு நாவலின் பெயரைக் கேட்டு, தன் போனில் இரவல் எடுத்து, கம்பெனி பஸ்ஸில் படித்தார். கதையில் ஒரு சின்னப்பெண் அப்பாவிடம் ஓயாமல் சண்டை போட்டாள். அசல் நிலாவின் வாய். ஸ்டாப் வந்துவிடக் கூடாதே என்று தினமும் படித்தார். ஒருநாள் அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறாளா இல்லையா என்ற இடத்தில் கெடு முடிந்துவிட்டது. அடுத்து எடுக்க வரிசையில் காத்திருக்க வேண்டுமாம்.

சூப்பர்வைசரையே லைனில் நிறுத்திவிட்டார்கள். அவரால் காத்திருக்க முடியவில்லை. சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் வாலாஜாபாத் பஸ் பிடித்தார்.

புத்தகத்தின் பெயரைச் சொல்வதற்குள் கடைக்கார ராஜாமணி அவருடைய கம்பெனிச் சட்டையைப் பார்த்துவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"இந்த வாரம் கெடு முடியுது, வருவீங்கன்னு உங்க வீட்டம்மா சொல்லிட்டுப் போனாங்க சார். ரெண்டாம் பாகமும் சேத்துக் கட்டியிருக்கேன்."