சுவரில் இருப்பது யார் பிள்ளை?

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், பின்னல் போட்டுப் பாவாடை கட்டி உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தை என் பிள்ளைதானா?

இத்தனை வருடமாக அந்தச் சட்டத்தைத் துடைக்கும்போதெல்லாம் இதையே கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியவில்லை. வேறு ஒருத்தி இப்படிச் சொல்லக் கேட்டால், "இவளெல்லாம் ஒரு தாயா?" என்று நானே முகத்தைச் சுளித்திருப்பேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். குழந்தை வளர்ப்பு பற்றிப் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் கத்தரித்து வைத்திருந்தவள். வெந்நீர் சூடு சரியா என்று முழங்கையை விட்டுப் பார்த்து, சந்தேகம் தீராமல் மறு முழங்கையையும் விட்டுப் பார்ப்பவள். (அதற்குள் வெந்நீர் ஆறிவிடும். அது வேறு கதை.)

என் மகன் சேகருக்கு அப்போது பத்து மாதம். அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. திருவேற்காட்டில் குழந்தைக்கு மொட்டை போடுவதென்று நாள் குறித்தாயிற்று. உடனே நாக்பூரிலிருந்து என் நாத்தனார் ஒரு பார்சல் அனுப்பினார். என் கணவரைத் தாய்க்குத் தாயாக வளர்த்த அக்கா அவர். பார்சலில் ஒரு சிவப்புப் பட்டுப் பாவாடையும் ஒரு கட்டளையும் இருந்தன. முடி இறக்குவதற்கு முன்னால் பிள்ளைக்குப் பெண் வேஷம் போட்டு, சவுரி வைத்துப் பின்னி, பூ தைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆண் பிள்ளைகளுக்கு இது வழக்கம். "படித்த பெண் என்று இதையெல்லாம் விட்டுவிடாதே" என்று கடைசியில் ஒரு வரி.

அந்த ஒரு வரிதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. முடி போனால் போனதுதான். அந்த முதல் முடியோடு பிள்ளைக்கு வேறு படம் கிடையாது. படம் நன்றாக வந்தால் நான் பொறுப்பான தாய். வராவிட்டால், படித்த பெண்.

மொட்டைக்கு முதல் நாள் சாயங்காலம் கடைத்தெரு ஸ்டூடியோவுக்குப் போனோம். கீழே ஒரு பக்கம் தையற்கடை, மறுபக்கம் டாக்டரின் கிளினிக், நடுவில் ஸ்டூடியோ. மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். சேகரை மேடையில் உட்கார வைத்ததும் மாடியில் வகுப்பு தொடங்கியது. தலைக்கு மேல் முப்பது மெஷின்கள் ஒன்றாகத் தட்டினால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும். பிள்ளைக்கு நிஜமாகவே கலக்கிவிட்டது. நாக்பூர் பட்டுப் பாவாடை அதோடு முடிந்தது.

"இன்னாம்மா, கொயந்தன்னா அப்டித்தான். அயுவாத" என்றார் ஸ்டூடியோக்காரர். (அழுதுகொண்டிருந்தது குழந்தை மட்டுமல்ல.) "நம்ம கைலயே பாவாட கீது. எத்தினி கொயந்தைங்க கட்டிகினு போயிருக்குது! ராசியான பாவாட."

ஆணியிலிருந்து ஒரு பாவாடையை எடுத்து உதறினார். கடையில் பூ தைத்து வாங்கிப்போன பின்னலைச் சேகர் அதற்குள் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அதனால் பின்னலும் ஸ்டூடியோவுடையதே. காகிதப் பூ வைத்தது. நெற்றிச்சுட்டி, வளையல், சங்கிலி, எல்லாம் அங்கேயே தகர டப்பாவில் இருந்தன. அவர் மனைவி வந்து பவுடரை அப்பி, இரண்டு கண்ணுக்கும் காது வரை மை இழுத்து, கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்துவிட்டுப் போனார். நிமிர்ந்து பார்த்தேன். எனக்கே ஒரு நிமிஷம் யாரோ மாதிரி இருந்தது. (அப்போதே யோசித்திருக்க வேண்டும்.)

கிலுகிலுப்பையை ஆட்டினார்கள். பிள்ளை அழுதான், திகைத்தான், ஒரு கணம் சிரித்தான், மறுபடி அழுதான். எந்தக் கணத்தில் விளக்கு மின்னியது என்று நான் பார்க்கவில்லை. கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு முகூர்த்த நாளும்மா. இன்னிக்கு மட்டும் எத்தினி மொட்டைங்க தெரியுமா, வந்துகினே கீறாங்க" என்று சொல்லி அவர் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.

மறுநாள் மொட்டை நல்லபடியாக நடந்தது. அடுத்த வாரம் படம் வாங்க, சேகரை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மாள் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டூடியோ வாசற்படியில் சந்தோஷமாக இறங்கி வந்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஸ்டூடியோக்காரர் மேஜைமேல் இரண்டு படங்களை வைத்தார்.

"பேர் எய்தி ஒட்டின சீட்டு கயண்டு பூட்ச்சும்மா. உங்களுது எதுவோ எட்த்துக்கோங்க."

குனிந்து பார்த்தேன். இரண்டிலும் அதே பாவாடை, அதே காகிதப் பூ, அதே சுட்டி, காது வரை மை, கன்னத்தில் பொட்டு. ஒரு குழந்தை லேசாகச் சிரித்தது. இன்னொன்று, வட்டிக்காரரைப் பார்த்ததுபோல் விழித்தது. இடுப்பில் இருந்த என் பிள்ளையைப் பார்த்தேன். மொட்டையும் சந்தனமுமாக அவன் மூன்றாவது குழந்தையாக இருந்தான்.

சட்டென்று ஞாபகம் வந்தது. அவனுக்கு மோவாயில் ஒரு மச்சம் உண்டு! படங்களைக் கண்ணருகில் கொண்டுபோனேன். இரண்டிலும் மச்சம் இல்லை.

"அது மச்சமா?" என்றார் ஸ்டூடியோக்காரர். "தூசின்னு நெனச்சு பென்சில் போட்டு எட்த்துட்டேன். எல்லா கொயந்தைங்களுக்கும் மூஞ்சிய க்ளீன் பண்ணிட்டேம்மா. எப்டி பளபளன்னு கீது பாரு!"

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. இடுப்பில் இன்னொரு மொட்டையோடு ஒரு பெண் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். தனலட்சுமி என்று பெயர், அம்பத்தூரை அடுத்த பாடியில் லேத் பட்டறைக்காரரின் மனைவி, தாய்வீடு எங்கள் ஊர். இதெல்லாம் பிறகு தெரிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது அவள் முழங்கை மட்டும்தான்.

"நவுரும்மா கொஞ்சம்" என்று என்னை ஒதுக்கிவிட்டு, மேஜையைப் பார்த்த மாத்திரத்தில் சிரிக்கிற படத்தை எடுத்தாள். "தோ கீறான் பாரு என் ராஜா! கவரு குடுய்யா." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னா அப்டியே நின்னுகினு கீற? பெத்த புள்ள மூஞ்சி தெர்லியா?"

ஸ்டூடியோக்காரர் சிரித்தார். அவர் மனைவியும் சிரித்தார். நானும் சிரித்து, "தெரியாம என்ன?" என்று சொல்லி, விழிக்கிற படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் படத்தைப் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அவன் அதை இழுத்து ஒரு மூலையைக் கடித்தான். (அந்தப் பல் தடம் இன்றும் இருக்கிறது. அந்தப் படத்தில் நிச்சயமாக என் பிள்ளையுடையது அது ஒன்றுதான்.) என் கணவரிடம் காட்டினேன்.

"இது நம்ம சேகர்தானாங்க?"

"குழந்தை குழந்தை மாதிரிதானே இருக்கு கமலா? இதுல என்ன சந்தேகம்?"

ஆண்களுக்கு எவ்வளவு சுலபம்!

மறுநாள் கடைத்தெருவில் விசாரணை தொடங்கினேன். முதலில் டாக்டர். சேகரைப் பிறந்ததிலிருந்து பார்ப்பவர், அவருக்குத் தெரியாதா? படத்தை வெளிச்சத்தில் பிடித்து எக்ஸ்ரே மாதிரி பார்த்தார்.

"வாயைத் திறந்திருந்தா சொல்லியிருப்பேன். உன் பிள்ளையோட தொண்டை எனக்கு நல்லாத் தெரியும். இது மூஞ்சியால்ல இருக்கு?" என்றவர், என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ சரியாத் தூங்கறியாம்மா?" என்று கேட்டு எனக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

அடுத்து தையற்கடை. பிள்ளைக்குச் சட்டை தைத்தவர் ஒருவேளை அடையாளம் சொல்லலாம். படத்தை வாங்கியதும் அவர் முகம் மலர்ந்தது. எனக்கு உயிர் வந்தது.

"இது நான் தச்ச பாவாடம்மா! இடுப்பாண்ட கொசுவம் பாருங்க. இந்த மாதிரி இன்னிக்கு எவன் தைக்கிறான்?"

"குழந்தை யாருங்க?"

"எந்தக் கொயந்த?" என்றார்.

கடைசியாக, எங்களோடு திருவேற்காட்டுக்கு வந்து முடி இறக்கிய சலூன்காரர். யாருக்கோ சவரம் செய்துகொண்டிருந்தவர், கத்தியைப் பிடித்த கையோடு படத்தைப் பார்த்தார்.

"நமக்குத் தெரிஞ்சது உச்சந்தலம்மா. கொயந்த அயுதுகினே திமிருச்சு, மூஞ்சிய யாரு பாத்தா?"

சோப்பு நுரைக்குள் இருந்த முகம் திரும்பி, "எங்கே, நான் பார்க்கலாமா?" என்றது. எங்கள் வீட்டுக்காரர்! அன்று மாலை முழுவதும் அவர் என்மேல் எரிந்து விழுந்தார். கடைத்தெரு முழுக்க மானம் போய்விட்டதாம். மறுநாள் எஸ்டேட்டில் அவருடைய நண்பர்கள், "என்ன சார், பிள்ளை கிடைச்சுதா?" என்று கேட்டார்களாம்.

நான் என்ன செய்ய? அறை மூலையில் உட்கார்ந்து அழுதேன். மொட்டைத் தலையைத் தடவினால் சொரசொரவென்றிருந்தது. அந்த முடியை இனி யாராலும் திருப்பித் தர முடியாது. அந்த முடியோடு என் பிள்ளை எப்படி இருந்தான் என்பதும் என் மனத்தில் நாளுக்கு நாள் கலைந்துகொண்டே வந்தது. அவனை நினைத்தால் காகிதப் பூவும் கண்மையும்தான் முன்னால் வந்தன. நல்ல தாயாக இருந்தால் மறந்திருப்பேனா?

வேறு வழியில்லாமல் இன்னொரு பிரதி போட்டு நாக்பூருக்கு அனுப்பினேன். அக்காவிடமிருந்து உடனே பதில் வந்தது: "அப்படியே என் தம்பி ஜாடை! ஆனால் நான் அனுப்பிய பாவாடை எங்கே?"

அதன் பிறகு எங்கள் வீட்டில் சேகர் எதையாவது உடைத்தால், சாப்பிட அடம்பிடித்தால், கணக்கில் பூஜ்யம் வாங்கினால், அவன் அப்பா சுவரைக் காட்டி, "இவனைப் பாரு, எவ்வளவு அடக்கமா உட்கார்ந்திருக்கான்! நம்ம பையன் இவன்தான். நீ ஸ்டூடியோக்காரர் வீட்டுப் பையன்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சேகரும் சிரிப்பான். போன மாதம் மட்டும் சிரித்து முடித்துவிட்டு, சமையற்கட்டுக்கு வந்து மெதுவாகக் கேட்டான்: "அம்மா, அது நான்தானே?"

"நீதாண்டா" என்றேன். தோசை கருகிவிட்டது.

அதே வாரம் அவனுக்குக் காய்ச்சல். கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பையனைச் சாய்த்துக்கொண்டு தனலட்சுமி! பையன்கள் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு நீள முகம், ஒருவனுக்கு உருண்டை முகம். ஒரு பொருத்தமும் இல்லை.

"இன்னாக்கா, என்னிய தெர்தா? போட்டா கட!" என்றாள்.

தெரியாமலா? நான் தயங்கித் தயங்கி, அன்று இரண்டு படங்களில் தன் பிள்ளையை எப்படி அவ்வளவு சட்டென்று கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். அவள் பையனின் காதைப் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"எனக்கு எங்கக்கா தெரிஞ்சுது? நீ முயிச்சிகினு நின்ன. நானும் முயிச்சா நல்லாவா இருக்கும்? சிரிக்கிறது நம்மளுதுன்னு எட்த்துகினு வந்துட்டேன். ஊட்டுக்குப் போயி அயுதேன்க்கா."

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்போ மாத்திக்கலாமா?"

"மாத்திக்கலாம். ஆனா எங்க ஊட்ல சாமி படத்தாண்ட மாட்டிகினு கீது. மாமியா டெய்லி அதுக்கும் சேத்து கற்பூரம் காட்டுது. இன்னான்னு சொல்லி எடுக்கறது?" என்றவள் கொஞ்சம் யோசித்தாள். "அது போவட்டும்க்கா. அன்னிக்கு நமக்கு முன்னாடி பச்சப் பொடவ கட்டிகினு ஒரு அம்மா கவரோட எறங்கி வந்துச்சே, நீ பாக்கல? அது யாரத் தூக்கிகினு போச்சோ!"

இறங்கிய பாரம் அப்படியே திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டது.

இப்போது பொங்கலுக்கு நாக்பூர் அக்கா வருகிறார். தம்பி ஜாடை தெரியும் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, வர்ணம் தீட்டி, வெள்ளிச் சட்டம் போட்டுக் கொண்டுவருகிறாராம். நான் உண்மையைச் சொல்லட்டுமா? சொன்னால், சேகர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் என்னாவது? பேசாமல் வெள்ளிச் சட்டத்துக்கும் கற்பூரம் காட்டிவிடட்டுமா? பிள்ளைகளைப் பெற்ற வாசகிகளே, உங்களுக்கு என்ன தோன்றுகிறது? பத்திரிகை விலாசத்துக்கு எழுதுங்கள்.

பச்சைப் புடவை அம்மா, நீங்கள் இதைப் படிக்க நேர்ந்தால், உங்கள் சுவரில் இருக்கும் குழந்தையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாவாடையைப் பார்க்காதீர்கள், அது எல்லோருக்கும் ஒன்றுதான். மோவாயைப் பாருங்கள். மச்சம் இருந்த இடத்தில் பென்சில் பட்ட தடம் ஏதாவது தெரிகிறதா?