அண்ணனாக நினைத்து உபசரிக்கவும்

அன்புத் தங்கைக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை; அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் விஷயத்துக்கு வர இடம் இருக்காது. நீயும் உன் மூக்குக்கண்ணாடிக் கடையும் நலம் என்று நம்புகிறேன். அவ்வளவு தூரத்தில் நீ ஒண்டியாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. “அந்தப் பேச்ச எடுத்தா போனை வெச்சிடுவேன்” என்று நீ சொல்லியிருப்பதால் நான் எடுக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், எங்கள் மாடியில் குடியிருக்கும் நெட்டையர் நாளை விமானம் ஏறி உன் ஊருக்கு வருகிறார். நீ போன தடவை லீவில் வந்தபோது வாசல் நிலையில் மண்டையை இடித்துக்கொண்டு, நிலையிடமும் உன்னிடமும் மன்னிப்புக் கேட்டாரே, அவர்தான். வேற்று நாட்டுக்காரர் என்றாலும் எங்கள் பெயிண்ட் கம்பெனியில் நிறம் கலக்க அவரை அடிக்க ஆள் கிடையாது. நான் கணக்கு எழுதுகிறேன், அவர் நிறம் கலக்குகிறார், ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருகிறோம், நம் பாஷையையும் என்னிடம்தான் கற்றார். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒருநாள், “லீவு போட்டு உங்க தங்கச்சி இருக்கற ஊரைப் பாக்கணும் சார்” என்றார். மழையையும் குளிரையும் தவிர ஒன்றுமே இல்லை என்று நீயே புலம்புகிற ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். பேந்தப் பேந்த விழித்தார். பாவம், மனிதர் ஆசைப்படுகிறார், நாம்தான் முன்னே நின்று செய்ய வேண்டும் என்று களத்தில் இறங்கிவிட்டேன். நான் இறங்கினால் எப்படி என்று உனக்குத் தெரியும்.

முதலில் விசா. “அங்க நீட்டி முழக்கக் கூடாது. எதுக்குப் போறீங்கன்னு கேட்டா, சும்மாதான்னு சொல்லிட்டுச் சிரிங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்” என்று பயிற்சி கொடுத்தேன். மனிதர் அட்சரம் பிசகாமல் சொல்லியிருக்கிறார். எதற்குப் போகிறீர்கள்? சும்மாதான். அங்கே யார் இருக்கிறார்கள்? சும்மா, தெரிந்தவர்கள். எப்போது திரும்புவீர்கள்? சும்மா, பார்த்துக்கொண்டு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் பாஸ்போர்ட்டைச் சும்மாவே திருப்பித் தள்ளிவிட்டாள். சில நாள் அவர் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி மனுப் போட்டோம். கூட வருகிறேன் என்றதற்கு, “வேணாம் சார், இந்தத் தடவை உண்மையச் சொல்லிடறேன்” என்று தனியாகப் போனார். விசா கிடைத்துவிட்டது! அதோடு அந்த அம்மாள் எழுந்து நின்று, “எல்லாம் நல்லபடியா முடியட்டும்” என்று வாழ்த்தினாளாம். ஊர் சுற்றிப் பார்ப்பதில் நல்லபடியாக முடிய என்ன இருக்கிறது? உன் அண்ணியிடம் கேட்டேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

அப்புறம் பெட்டி. உன் சமையலறைச் சுவர் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று நீ யாரிடமோ சொன்னாயாம், அது எப்படித்தான் இவர் காதுக்கு எட்டியதோ, அதற்கென்று தனியாக ஒரு மஞ்சள் கலந்தார். எங்கள் கம்பெனி விற்கிற எந்த மஞ்சளிலும் சேராத மஞ்சள். “காலைல ஜன்னலத் திறந்ததும் உள்ள வருமே சார், அந்த வெளிச்சம்” என்றார். எனக்கு ஒரே பெருமை. டப்பா அடிபடக் கூடாதே என்று நானே அதை அவருடைய புதுக் கோட்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டி மூடவில்லை. மேலே ஏறி உட்கார்ந்தேன். பெட்டி மூடிக்கொண்டது, டப்பா திறந்துகொண்டது. “பெயிண்ட் டப்பாவ விமானத்துல ஏத்தவே மாட்டாங்கன்னு அப்பவே சொன்னேனே!” என்று உன் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நெட்டையரோ, “பரவால்ல சார், அங்க போய்க் கலந்துக்கறேன். கைக்கு ஞாபகம் இருக்கு” என்று எனக்கே ஆறுதல் சொன்னார். தங்கமான மனிதர்.

வேறு கோட்டுக்கு எங்கே போவது? என் கல்யாணக் கோட்டை எடுத்துக் கொடுத்தேன். தோள் பொருந்தியது. கை மட்டும் முழங்கையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. தையல்காரர் மடிப்பெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு, “துணி இருந்தா நீட்ட மாட்டேனா?” என்றார். கண்ணாடி முன் நின்று, “நல்லாருக்கேனா சார்?” என்று கேட்டார் நெட்டையர். “ஊர் சுத்தப் போறவருக்கு இது போதும்” என்றேன். முகம் வாடிவிட்டது.

ஒரே ஒரு குறை. உன்னைக் கண்டதும் “வணக்கம் தங்கச்சி” என்று சொல்ல அவரைப் பழக்கினேன். எத்தனையோ கடினமான வார்த்தைகளைத் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்கிறவருக்கு, இந்த ஒன்று மட்டும் வாயில் வரவில்லை. “வணக்கம்” வரைக்கும் வருகிறார், அதற்குமேல் இருமுகிறார். வெந்நீர் கொடுத்தேன், இருமல் மருந்து கொடுத்தேன், மறுபடி சொல்லச் சொன்னேன், மறுபடி இருமல். “பேர் சொல்லியே கூப்பிட்டுக்கறேனே சார்” என்று கெஞ்சுகிறார். நீதான் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் நெட்டையரை உன் கூடப்பிறந்த அண்ணனாக நினைத்து உபசரிக்கவும். அவருக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது, ஒண்டிக்கட்டை. உன் சிநேகிதிகளில் நல்ல பெண்ணாக யாராவது இருந்தால் அவருக்குப் பார்த்து வை, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உடம்பைப் பார்த்துக்கொள், கம்பளியைக் கழற்றாதே, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் நலம் நாடும்
அண்ணன்

பி.கு.: இதை மட்டும் மறுநாள், விமான நிலையத்தில் அவர் பெட்டிமேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அது பெட்டியின் குற்றமல்ல. உள்ளே போகிற வாசலில் அவரைக் கட்டிப்பிடித்து, “என் தங்கச்சி இனிமே உங்களுக்கும் தங்கச்சி” என்றேன். பயங்கரமாக இருமினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், நான் ஊரைப் பாக்கப் போகல. அவங்களப் பாக்கப் போறேன். என்னைக் கட்டிக்கறீங்களான்னு கேக்கப் போறேன். உங்ககிட்ட சொல்லத்தான் தைரியம் வரல” என்றார். உன் அண்ணியைப் பார்த்தேன். “உங்களத் தவிர எல்லாருக்கும் தெரியும்” என்றாள். தையல்காரருக்குத் தெரியுமாம். பஸ் கண்டக்டருக்குத் தெரியுமாம். நீங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுவதும் தெரியுமாம். அவர் கேட்கப்போவது மட்டும் உனக்குத் தெரியாதாம். அதனால் உறைமேல் “அவர் பேசி முடித்த பிறகு பிரிக்கவும்” என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீ சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது.

அண்ணனாக நினைக்கச் சொன்ன வரியை உடனே அடித்துவிடு. சிநேகிதிகளிடம் ஒரு வார்த்தை பேசாதே. எனக்குக் கோபமோ என்று பயப்படாதே, சந்தோஷத்தில் அழுகை வருகிறது, நாலு பேர் பார்க்கக் கூடாது என்றுதான் இப்படிக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்கு இஷ்டமில்லை என்றால் கோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தனுப்பு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். சரி என்றால் கோட்டு அங்கேயே இருக்கட்டும். கை குட்டைதான், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கல்யாணம் பண்ணிக்கொண்டவன் ஒருநாள்கூட வருத்தப்பட்டதில்லை. உன் அண்ணி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிக்கிறாள், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.