பெட்டியைத் திறக்க ஸ்டாரை அமுக்கவும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மாமனார் வீட்டு போன் மணி அடிக்காம பண்ணணும்.

வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். ஆனா நான் இரணியல்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கவன். படிச்ச மருமகன். வயரைப் பிடுங்குறதுக்கா எனக்குப் பொண்ணு குடுத்தாங்க?

விஷயம் இதுதான். எங்க மாமா ஞானமுத்துவுக்கு திருவட்டாறு பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரம். அந்த டிசம்பர்லதான் நெஞ்சுல ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்திருந்தாரு. "ஒரு மாசத்துக்கு அதிர்ச்சியான சேதி எதுவும் இவர் காதுல விழக் கூடாது"ன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு.

டாக்டர் சொன்னது ஒரு பங்குன்னா, என் பொண்டாட்டி ஷீபா செஞ்சது பத்து பங்கு. அப்பாவோட செல்போனை பீரோவுல வச்சுப் பூட்டினா. பேப்பர்ல இரங்கல் செய்தி வர்ற பக்கத்தைக் கிழிச்சிட்டுத்தான் அவர் கையில குடுத்தா. வீட்டுல யாராவது 'சாவி எங்கே'ன்னு கேட்டாக்கூட முதல் எழுத்துலயே முறைச்சா.

மிச்சம் இருந்தது லேண்ட்லைன். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ரப்பர் மரத்துல பால்வெட்டுக்காரங்க, ஷீட் கொண்டு வர்றவங்க, லாரிக்காரங்கன்னு அடிச்சிக்கிட்டே இருக்கும்.

"நீங்க பெரிய கம்ப்யூட்டர்காரர்தானே. இதுக்கு ஒரு வழி செய்யுங்க பாப்போம்"ன்னா ஷீபா.

செஞ்சேன்!

கடையில கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டினேன். இன்டர்நெட்டுல சும்மா கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ் வாய்ஸ்மெயில் சர்வர் ஒண்ணை ஏத்தினேன். ஒரு கார்டைச் சொருகி, போன் வயரை அதுல மாட்டினேன். இனிமே யார் கூப்பிட்டாலும் வீட்டுல மணி அடிக்காது. கம்ப்யூட்டரே எடுத்துப் பேசி, அவங்க சொல்றதைப் பதிவு பண்ணி வச்சுக்கும். மாமா சாவகாசமா, மாமியோட செல்லுல இருந்து வீட்டு நம்பருக்கு அடிச்சு ஸ்டார் பட்டனை அமுக்கினா எல்லாத்தையும் கேக்கலாம்.

மாமாகிட்ட விளக்கினேன்.

"வீட்டுல இருந்துட்டு வீட்டுக்கே போன் பண்ணணுமா?"

"ஆமா மாமா."

"பின்ன ஸ்டார அமுக்கணும்?"

"ஆமா."

"எந்த ஸ்டாரு? வராந்தாவுல தொங்குதே, அதா?"

கிறிஸ்துமஸுக்கு மாமி கட்டின பேப்பர் ஸ்டார் காத்துல ஆடிக்கிட்டு இருந்துச்சு. செல்லுல இருக்கிற ஸ்டாரைக் காட்டினேன்.

அடுத்தது பாஸ்வேர்டு. அதைக் கேட்டதும் மாமாவுக்குக் கோவம் வந்துட்டு. "எனக்க பெட்டிய நான் திறக்கதுக்கு ஆருகிட்ட உத்தரவு கேக்கணும்?" டாக்டர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. பாஸ்வேர்டே வேண்டாம்னு எடுத்துட்டேன். ஸ்டாரை அமுக்கினா நேரா உள்ள போயிரலாம், யாரா இருந்தாலும். 'யாரா இருந்தாலும்'ங்கிறதை நான் அப்போ யோசிக்கல.

மாமா ஸ்டாரை அமுக்கினாரு. ஒண்ணும் நடக்கல. பத்து தடவை அமுக்கினாரு. பதினோராவது தடவை என்னைப் பாத்தாரு.

"மருமவனே, இது நல்ல சாதனமாக்கும், இல்லியா?"

அவர் அமுக்குறது பட்டனுக்கு வலிச்சிருமோன்னு பயந்த மாதிரி இருந்துச்சு. அந்தச் சின்ன சத்தம் சர்வர் காதுல விழல. தேடினதுல ஒரு செட்டிங் கிடைச்சுது. அதைப் போட்டா சர்வர் பட்டன் சத்தத்துக்குக் கொஞ்சம் தாராளமா காது குடுக்கும். பக்கத்துலயே எச்சரிக்கையும் போட்டிருந்தான், இப்படி வச்சா சில நேரம் மனுஷக் குரலையே பட்டன் சத்தம்னு நெனச்சுக்கும்னு. படிச்சேன். சிரிச்சேன். போட்டேன்!

இப்போ ஸ்டார் வேலை செஞ்சுது. ஆனா சர்வர்ல பேசுறது ஒரு வெள்ளைக்காரி. பால்வெட்டுக்காரங்களுக்கு அவ இங்கிலீஷ் எதுக்கு? நானே தமிழ்ல பேசி ரெக்கார்டு பண்ணிரலாம்னு உட்கார்ந்தேன். எனக்கு நாலு நாளா கடுமையான ஜலதோஷம். மூக்கு அடைச்சு, கண்ணுல தண்ணி வடியுது. அதனால என்ன, குரல்தானே!

மெயில்பாக்ஸுக்குத் தமிழ்ல என்ன சொல்றது? 'குரல் அஞ்சல் பெட்டி'ன்னு சொல்லிப் பாத்தேன். அடைச்ச மூக்குக்கு அது ரொம்ப நீளம். வெறும் 'பெட்டி'ன்னு வச்சுட்டேன். கடைசியில வந்த வாசகம் இது:

"வணக்கம். இது ஞானமுத்து அவர்களின் பெட்டி. அவர் இப்போது பேச முடியாத நிலையில் இருக்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டியதை, ஓசை கேட்டதும் சொல்லுங்கள். பெட்டியைத் திறக்க ஸ்டாரை அமுக்கவும்."

மூக்கை உறிஞ்சிக்கிட்டே, நிறுத்தி நிறுத்திப் பேசினேன். நல்லாதான் இருந்துச்சு, எனக்கு.

என் செல்லுல இருந்து கூப்பிட்டு, "டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ"ன்னு ஒரு மெசேஜ் விட்டேன். திரும்பக் கேட்டேன். தெளிவா இருந்துச்சு. கேட்டு முடிச்ச மெசேஜை, மறுநாள் ஆனதும் சர்வர் தானா 'பழசு'ன்னு தனியா ஒதுக்கிக்கும். என்ன அறிவு! ஷீபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளே ஒரு நிமிஷம் என்னை மதிப்பா பாத்தா. கல்யாணம் ஆகி அது முதல் தடவை.

மறுநாள் காலைல வீடே அமைதியா இருந்துச்சு. போன் மணி இல்ல. மாமா புட்டும் பயறும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. நான் எதிர்ல உட்கார்ந்து பாராட்டுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்.

அப்போ சர்ச் மணி அடிச்சுது.

ஒண்ணு. கொஞ்சம் இடைவெளி. இன்னொண்ணு. கொஞ்சம் இடைவெளி. எங்க ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும், அப்படி விட்டு விட்டு அடிச்சா அது துக்க மணி. யாரோ இறந்துட்டாங்க.

ஷீபா ஓடி வந்து ஜன்னலைச் சாத்தினா. அதுக்குள்ள மாமா காதைத் தீட்டிட்டாரு.

"ஆராக்கும் போனது?"

"அது... கிறிஸ்துமஸ் மணி மாமா"ன்னேன்.

"இப்படியாலே கிறிஸ்துமஸுக்கு மணி அடிப்பான்? ஆரோ போயாச்சு. பாவம்! மக்களே ஷீபா, எனக்க வெள்ள வேட்டிய எடு. நான் ஆஸ்பத்திரில கிடக்கச்சில சபையில எல்லாரும் வந்து பாத்தினும். நான் போய் முகம் பாக்காண்டாமா?"

"அப்பா, பேசாம இருங்க!"

மாமி தன் செல்லை எடுத்துட்டு அடுக்களைக்குப் போய் யாரையோ கூப்பிட்டாங்க. திரும்பி வரும்போது முகத்துல ரத்தமே இல்ல. என்னைத் தனியா இழுத்துக் காதுல சொன்னாங்க.

"மக்களே, மணி மாமாவுக்காக்கும் அடிக்குவு."

எனக்கு முதல்ல புரியல. அப்புறம் என் மண்டைக்குள்ள என் குரலே கேட்டுச்சு, அடைச்ச மூக்கோட. இது ஞானமுத்து அவர்களின் பெட்டி.

பெட்டி!

எங்க ஊருல ஒருத்தர் பேரைச் சொல்லி, ஆபரேஷன் முடிஞ்ச ஆளோட பேரைச் சொல்லி, அழுத குரல்ல 'அவரின் பெட்டி'ன்னு சொன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான், சவப்பெட்டி. இந்த மண்டைக்கு அது ஏன் நேத்தே எட்டல?

கேட்டைத் திறந்து வெளியே ஓடினேன். அதுக்குள்ள தெருவுல வெள்ளையும் சொள்ளையுமா ஒரு கூட்டம் வந்துக்கிட்டு இருந்துச்சு. முன்னால ஆபிரகாம் வாத்தியார். எங்க சபைச் செயலாளர். கையில ஒரு பெரிய மலர் வளையம்.

"வாத்தியாரே, மாமாவுக்கு ஒண்ணும் இல்ல! உள்ள இருக்காரு!"

"உள்ள எங்க கிடத்தியிருக்கு?"

"கிடத்தல. உட்கார்ந்திருக்காரு. புட்டு தின்னுட்டு இருக்காரு!"

வாத்தியார் என் செவந்த மூக்கையும் கண்ணுல வடியற தண்ணியையும் பாத்தாரு. தோளைத் தட்டினாரு.

"துக்கத்துல இப்படியெல்லாம் தோணும் மக்களே. மனசத் தேத்திக்கோ. பெட்டி வந்தாச்சா?"

"பெட்டி நேத்தே முன்னறையில வச்சாச்சு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன்னு உறைச்சுது. பின்னால நின்ன பொம்பளைங்க ஓன்னு அழ ஆரம்பிச்சாங்க.

விசாரிச்சதுல நடந்தது தெரிஞ்சுது. விடியக்காலம் முதல்ல கூப்பிட்டது பால்வெட்டுற தங்கராஜ். மழை, இன்னைக்கு வெட்டு இல்லன்னு சொல்லக் கூப்பிட்டவரு, என் குரலைக் கேட்டதும் தாங்க முடியாம அழுது மெசேஜ் விட்டிருக்காரு. அப்புறம் வாத்தியார்கிட்ட சொல்லியிருக்காரு. உறுதிப்படுத்திக்கலாம்னு வாத்தியார் கூப்பிட்டிருக்காரு. வாசகம் பாதி ஓடும்போதே "எனக்க ஆண்டவரே!"ன்னு அலறியிருக்காரு. தாராளமா காது குடுத்திருந்த என் சர்வர், அந்த அலறலை ஸ்டார்னு எடுத்துக்கிட்டு, பெட்டியைத் திறந்து, தங்கராஜோட அழுகையைப் போட்டுக் காட்டியிருக்கு. அதுக்கு மேல என்ன உறுதி வேணும்? அவரும் திரும்பக் கூப்பிட்டு அழுது ஒரு மெசேஜ் விட்டிருக்காரு. அடுத்து கூப்பிட்டவங்க அதே மாதிரி அலறி, அதையும் சேத்துக் கேட்டிருக்காங்க. நான் ஒரு மணியை நிறுத்தினேன். ஊரு இன்னொரு மணியை அடிச்சிருச்சு.

"இந்த வளையத்தை எங்கேயாவது மறைங்க. மாமா பாத்தாருன்னா..." நான் சொல்லி முடிக்கல.

வாசல்ல மாமா நின்னாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில பைபிள்.

"வாத்தியாரே, நானும் வாறேன். ஆராக்கும் செத்தது?"

வாத்தியார் வளையத்தை முதுகுக்குப் பின்னால கொண்டு போனாரு. அது அவரை விட அகலம். ஷீபா மாத்திரையோட ஓடி வந்து நின்னா. என் நெஞ்சு அடிச்ச அடிக்கு, ஆபரேஷன் எனக்குத்தான் தேவைப்படும்போல இருந்துச்சு. இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஷீபா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

மாமா வாத்தியாரைச் சுத்திப் போய் வளையத்துல கட்டியிருந்த ரிப்பனைப் படிச்சாரு. அவர் பேரு. அழகான எழுத்து.

"எனக்கா?"

வாத்தியார் ரிப்பனைக் கையால மறைக்கப் பாத்தாரு.

"ஆரு சொன்னா நான் செத்தேன்னு?"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

அழாத குறையா எல்லாத்தையும் சொன்னேன். ஜலதோஷம், பெட்டி, ஸ்டார், எல்லாம். மாமா நாற்காலியில உட்கார்ந்தாரு. ஷீபா மாத்திரையை நீட்டினா. அவரு அதை வாங்கல.

"உனக்க அம்மைக்க செல்ல இங்க கொண்டா."

"அப்பா, வேண்டாம்!"

"நான் செத்ததுக்கு ஆரு என்ன சொன்னினும்னு நான் கேக்கப்பிடாதா?"

வீட்டு நம்பருக்கு அடிச்சாரு. ஸ்டாரை அமுக்கினாரு. முதல் தடவையே திறந்துச்சு! ஸ்பீக்கர்ல போட்டாரு. கூட்டம் முழுக்க வராந்தாவுல நின்னு கேட்டுச்சு.

தங்கராஜ், "எனக்க புள்ளைய படிக்க வச்ச முதலாளியே"ன்னு அழுதாரு. வாத்தியார் அழுதாரு. கடைசியில, பத்து வருஷமா மாமாகூடப் பேச்சுவார்த்தை இல்லாத எதிர்க்கடைக்காரரோட குரல் வந்துச்சு. "ஞானமுத்து, நீ நல்லவனாக்கும் கேட்டியா. இத நான் முன்னமே சொல்லியிருக்கணும்."

மாமா கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. முகம் அப்படி மலர்ந்து நான் பாத்ததே இல்ல. டாக்டர் பாத்திருந்தா மருந்தையே குறைச்சிருப்பாரு. வாத்தியார் மெதுவா வளையத்தை முன்னால கொண்டு வந்தாரு. "நல்ல பூவு. சுவத்துல சாச்சு வையும்"ன்னாரு மாமா. எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. தப்பிச்சேன்!

அப்போ போன்ல என் குரல் வந்துச்சு. "பழைய பெட்டியில் ஒன்று உள்ளது. கேட்க, ஒன்றை அமுக்கவும்."

"மாமா, அது வேண்டாம்..."

அமுக்கிட்டாரு.

"டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ."

மாமா செல்லை அணைச்சு மடியில வச்சாரு. என்னை ஒரு தடவை பாத்தாரு. அப்புறம் வாத்தியார் பக்கம் திரும்பிச் சொன்னாரு:

"ஊரு முழுக்க எனக்காக அழுதிருக்கு வாத்தியாரே. எனக்க மருமவன் மட்டும் எண்ணிப் பாத்திருக்கான்."