நடை பொறுக்கிய டீச்சர்

கொச்சி மட்டாஞ்சேரியில் பேய்க்குப் பயப்படாதவர்கள்கூட நடை டீச்சருக்குப் பயந்தார்கள். நியாயமான பயம்தான். பேய் பின்னால் வந்தால் அதன் கால் தரையில் படாது என்கிறார்கள். டீச்சரின் கால் படும். அதுவும் உங்கள் கால் படுகிற மாதிரியே படும்.

பெயர் என்னவோ இருந்தது, எங்களுக்கு நடை டீச்சர். சென்னையிலிருந்து வந்து, பஜார் ரோட்டில் காலியாகக் கிடந்த சுக்குக் கிடங்கில் தற்கால நடன வகுப்பு ஆரம்பித்தார். 'நடனம் தெரியாதவர்கள் மட்டும் வரவும்' என்று வாசலில் அட்டை தொங்கியது. எனக்கோ டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். வெளியே அடைமழை. கூரைக்கடியில் இலவசமாக நடக்க இடம் கிடைக்கிறதே என்று கடையைச் சாத்திவிட்டு நானும் போய்ச் சேர்ந்தேன்.

டீச்சர் ஆடி யாரும் பார்த்ததில்லை. பாட்டும் கிடையாது. நடக்கச் சொல்வார், அவ்வளவுதான். நடந்துகொண்டே இருக்கும்போது, யாரும் சொல்லாமல் எல்லோரும் ஒரே சமயத்தில் நிற்க வேண்டும். முதலில் ஆளுக்கொரு நேரத்தில் நின்று, ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டோம். ஒருநாள் நிஜமாகவே எல்லோரும் சேர்ந்து நின்றுவிட்டோம். ஓட்டின் மேல் மழைச்சத்தம் மட்டும் கேட்டது. ஆட்டோ ஓட்டும் ஜோஸ் சேட்டன் செருப்பைக்கூட எடுக்காமல் வெளியே ஓடிவிட்டார்.

"சாரே, நம்மள ஆரு நிப்பாட்டினது?" என்று மறுநாள் என்னைக் கேட்டார்.

வகுப்பு இல்லாத நேரத்தில் டீச்சர் தெருவில் நடை பொறுக்குவார். யார் பின்னாலாவது போய், அவர்கள் நடையைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்வார். மிளகு வியாபாரி ஒருவர் தற்செயலாகத் திரும்பினார். தன்னுடைய தொந்தி நடை ஓர் ஒல்லிப் பெண்ணாகப் பின்னால் வருவதைக் கண்டு, கையிலிருந்த சாயாவைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அடுத்த கடைக்குப் போகவும் ஆட்டோதான். ஜோஸ் சேட்டன் அதற்காக டீச்சரை மன்னித்தார்.

வகுப்பில் செல்வி அக்காவும் இருந்தார். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. கணவர் முருகேசன் இறந்ததும் அவருடைய வேலை அக்காவுக்கு வந்தது. அவர் கூட்டிய அதே தெருக்கள், அவர் தள்ளிய அதே குப்பை வண்டி. சக்கரம் கோணலாகி, வண்டி எப்போதும் இடப்பக்கமாகவே இழுக்கும். அக்காவுக்கு ஒரே ஒரு ஆதங்கம். அதைச் சொல்லாமல் வகுப்பை ஆரம்பிக்கவே விடமாட்டார்.

"போன மனுஷன் ஒரு தடவ கனவுல வரப்படாதா, சார்? பக்கத்து வீட்டுக்காரி கனவுலகூட வந்துட்டாராம். எங்கிட்ட மட்டும் என்ன பிணக்கம்?"

கடைசி வாரம் ஒரு பயிற்சி. ஒருவர் முன்னால் நடக்க, இன்னொருவர் அதே நடையில் பின்தொடர வேண்டும். நடை பிடிபட்டதும் முன்னால் போனவர் விலகி, ஓரமாக நின்று தன் நடையைப் பார்க்கலாம். செல்வி அக்காவின் பின்னால் டீச்சரே நடந்தார். சாயங்காலம்தான், ஆனால் மழை இருட்டு. கரண்டும் போயிருந்தது.

"இப்ப விலகிக்கங்கக்கா," என்றார் டீச்சர்.

அக்கா விலகித் திரும்பினார். இடது தோளைச் சாய்த்து, வலது காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து, ஓர் உருவம் வந்தது. விடியற்காலைகளில் என் கடை வாசலில் எத்தனை வருடம் பார்த்த நடை அது!

"என்டம்மே, முருகேசன்!" என்றார் ஜோஸ் சேட்டன். இந்த முறை அவர் ஓடவில்லை, கால் வரவில்லை.

"எங்க வீட்டுக்காரர இந்த டீச்சர் எப்பப் பாத்துச்சு? அவரு போனப்புறம்தானே ஊருக்கே வந்துச்சு?" என்றார் அக்கா.

டீச்சர் நிற்காமல் சொன்னார்: "நான் அவரப் பாத்ததே இல்லக்கா. இது உங்க நடை. தினமும் நீங்க இப்படித்தான் நடக்கறீங்க."

அக்கா தன் இடது தோளை மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு ஓவென்று அழுதார். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

"கூடவேயா இருந்தீங்க? நான் கனவுலயில்ல தேடிட்டிருந்தேன்! இன்னிக்கே அந்தப் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்லணும்."

அக்கா போதும் என்று சொல்லும்வரை டீச்சர் நடந்துகொண்டே இருந்தார். அக்கா வெகுநேரம் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் டீச்சர் போய்விட்டார். யார் யார் நடையை எடுத்துப்போனாரோ! இப்போதும் பஜார் ரோட்டில் பின்னால் காலடி கேட்டால் நான் திரும்புவதில்லை. டீச்சராக இருக்க வேண்டுமே என்று மனம் ஏங்கும். என் நடையைப் பிடித்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாக நடப்பேன்.