தேதியில்லாத கல்யாணப் பத்திரிகை

சங்கரன்கோவில்,
புதன்கிழமை.

மதுரையிலிருக்கும் கொழுந்தனார் சிவராமலிங்கம் அவர்களுக்கு, காந்திமதியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம். மனத்தைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டாம்.

என் மகள் ஆவுடைநாயகி கல்யாணத்துக்கு நீங்கள் வந்துவிடக் கூடாதென்று நான் வேண்டுமென்றே பத்திரிகையில் தேதி போடவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறீர்களாம். அது பொய். உங்கள் அண்ணன் இருந்தபோதே உங்களிடம் எனக்குப் பிடிக்காததை முகத்துக்கு நேரே சொன்னவள் நான். ஒருவரை வர வேண்டாமென்று சொல்ல எனக்கு அச்சகத்தின் துணை தேவையில்லை.

நடந்தது இது. கடைத்தெரு அச்சகத்தில் தங்கப்பழம் என்று ஒருவன் அச்சுக் கோக்கிறான். அவன் கொண்டுவந்த முதல் புரூஃபில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வரிக்கு வரி நட்சத்திரம், பூ, ஆச்சரியக்குறி, விரல் நீட்டும் கை. கான்வென்டில் நாங்கள் அப்படி எழுதியிருந்தால் மதர் முட்டி போட வைத்திருப்பார். ஒரு நட்சத்திரத்தைப் பென்சிலால் சுழித்து, "இது கூடாது" என்றேன். மறுநாள் அந்த ஒரு நட்சத்திரம் மட்டும் இல்லாமல் வந்தது. மற்றவை ஏன் இருக்கின்றன என்றால், "நீங்க காட்டினது அதத்தானம்மா" என்கிறான். பூவைச் சொன்னேன். முதல் பூ போயிற்று, மற்றவை மலர்ந்தபடியே இருந்தன. இப்படி ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் ஆவுடைக்கு நரைத்துவிடும் என்று, "எழுத்து மட்டும் இருக்கட்டும், மிச்சம் அத்தனையும் போகட்டும். இனி புரூஃப் என்று என் வாசலில் நிற்காதே, அச்சடித்து நீயே தபாலில் சேர்த்துவிடு" என்று சொல்லிவிட்டேன். சேர்த்துவிட்டான். 'ஆவணி மாதம் தேதி வெள்ளிக்கிழமை காலை மணிக்கு மேல் மணிக்குள்' கல்யாணமாம்!

கூப்பிட்டுக் கேட்டேன். "நட்சத்திரமும் நம்பரும் எங்ககிட்ட ஒரே பெட்டியிலதாம்மா கெடக்கும். எழுத்துப் பெட்டியில எடுத்தது இருக்கு, அந்தப் பெட்டியில எடுத்தத அங்கனயே போட்டுட்டேன். நீங்கதான மிச்சம் எல்லாம் போவட்டும்னு சொன்னிய?" என்று பாராட்டுக்குக் காத்து நிற்கிறான். ஆவணியில் வெள்ளிக்கிழமை ஒன்றா இரண்டா? இளையரசனேந்தலிலிருந்து பிச்சம்மாள் முதல் வெள்ளிக்கே குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டாள். இன்று கல்யாணமில்லை என்றால், "அதுக்கென்ன மதினி, இங்கனயே கெடந்தா எந்த வெள்ளியும் தப்பாதுல்லா" என்று பாயை விரித்துவிட்டாள். இரண்டு வேளை காபி கேட்கிறாள்.

தகப்பனில்லாத பெண்ணுக்கு நீங்களும் உங்கள் மனைவியும்தான் மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும். உங்கள் மேல் ஆசைப்பட்டு அழைப்பதாக எண்ண வேண்டாம், அவளுக்கு வேறு சித்தப்பா இல்லை. நீங்கள் பேசியது காதில் விழுந்ததிலிருந்து, "சித்தப்பா வரலன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உங்கள் பிள்ளைகளுக்குக் கோமதியம்மன் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். மிச்சமிருந்தால் உங்களுக்கும்.

இப்படிக்கு,
காந்திமதியம்மாள்.

பி.கு.: உறையிலிடும் முன் ஆவுடை இதை வாங்கிப் படித்தாள். "எல்லாத்தையும் எழுதிட்டிய, தேதிய மட்டும் நீங்களும் போடலியேம்மா" என்று சிரித்தாள். பிறகுதான் சாப்பிட்டாள். ஆவணி இருபத்தெட்டாம் தேதி, காலை எட்டு மணிக்கு மேல் ஒன்பது மணிக்குள். வருகிறீர்களா என்று உங்கள் கையாலேயே பதில் எழுதவும்.