பத்தாம் சேனல் நாதஸ்வரம்

அன்னைக்கு எனக்கு இருந்த ஒரே வேலை, ஐயர் கை காட்டினதும் ஒரு பட்டனை அமுக்குறது.

தொண்ணூறுகள்ல ஆக்லாந்துல கல்யாணம் பண்ண ஐயர் கிடைப்பார். நாதஸ்வரக்காரர்தான் கிடைக்க மாட்டார். ஈஸ்ட் டாமாக்கி ஃபேக்டரியில வேலை பார்த்த சிவா அண்ணனுக்கு ஒரே பொண்ணு. "மேளம் இல்லாமல் தாலி கட்டுறதோ? தம்பி, உங்கட கம்ப்யூட்டரில ஏதும் செய்யேலாதோ?"ன்னு கேட்டார்.

நான் மெட்ராஸ்லேர்ந்து வந்த கம்ப்யூட்டர்காரன். தெரியாதுன்னு சொல்ல வாய் வருமா?

மூணு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்வரமா ஏத்தினேன். கம்ப்யூட்டர் 'இதை வாசி'ன்னு மிடிங்கிற ஒயர் வழியா மியூசிக் கீபோர்டுக்குச் சொல்லும். மொத்தம் பதினாறு சேனல், ஒவ்வொண்ணுலயும் ஒரு வாத்தியத்தை உட்கார வைக்கலாம். தவிலை ரெண்டுல வெச்சேன், நாதஸ்வரத்தைப் பத்துல வெச்சேன்.

ஏன் பத்து? நான் பொறந்த தேதி. படிச்சது இன்ஜினியரிங், பார்த்தது ராசி.

வீட்டு கீபோர்டுல அருமையா வாசிச்சுது. என் மனைவியே குறை சொல்லலைன்னா பாத்துக்குங்க.

ஆனா அந்தச் சத்தம் ஹாலுக்குக் கேக்காதுன்னு, ஆபீஸ்ல கூட வேலை பார்த்த டேவ்கிட்ட, கீபோர்டுக்குப் பதிலா தானே சத்தமா வாசிக்கிற ஒரு சவுண்ட் பாக்ஸை இரவல் வாங்கினேன். ஒருதரம் போட்டுப் பாக்கலையான்னு மனைவி கேட்டா. ஒயரை மாத்திச் சொருகுறதுக்கு என்ன ஒத்திகைன்னு கேட்டேன் நான்.

மவுண்ட் ஆல்பர்ட்ல கல்யாண ஹால். ஐயர் கை காட்டினார். அமுக்கினேன்.

ஸ வரவேண்டிய இடத்துல போலீஸ் விசில். ரி தகரத்தைச் சுரண்டுச்சு. ப-வுக்கு மணி அடிச்சுது.

டேவ் போற போக்குல சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பாக்ஸ்ல பத்தாம் சேனல் தாள வாத்தியத்துக்கு மட்டும்தானாம். எந்த ஸ்வரத்தை அனுப்பினாலும் அது எதையாவது ஒண்ணைத் தட்டும்.

நிறுத்தப் போனேன். மணவறையிலேர்ந்தே சிவா அண்ணன் கண்ணை உருட்டினார். முடிச்சு விழறதுக்குள்ள மேளம் நின்னா அபசகுனம். மாப்பிள்ளைக்கோ முடிச்சு விழவே மாட்டேங்குது. விசிலும் தகரமும் மணியும் தவிலோட சேர்ந்து ஹாலே அதிருது.

ஒருவழியா மூணாவது முடிச்சு விழுந்ததும் நிறுத்தினேன்.

சிவா அண்ணன் நேரா என்கிட்ட வந்தார். மன்னிப்பு கேக்க வாயைத் திறந்தேன். அவர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார், கண்ணெல்லாம் ஈரம்.

"கெட்டிமேளம் எண்டா இதுதான் தம்பி. ஒரு தும்மல் கூடக் கேக்கேல்லை. ஆனா நாதஸ்வரத்தைத்தான் காணேல்லை?"

"அவர் மூணு வாரமா வாசிச்சுக் களைச்சுட்டார் அண்ணே, முதல் பந்திக்கே போயிட்டார்"ன்னேன்.