ஐம்பது கிலோ வீட்டுச் சாமான்

ஜோகுபாளையத்து அன்னம்மாள் மெல்லியலாள் என்பது கிடங்கு அலுவலகத்தின் தீர்மானமான முடிவு. அங்கே பதினோரு வருஷமாகத் தினக்கூலிக்குச் சிமெண்டு மூட்டை சுமந்தவளுக்கு இந்தச் சங்கதி 1996-ல்தான் தெரியவந்தது.

அந்த ஆண்டு நிரந்தரச் சுமை ஊழியர் இடம் ஒன்று காலியானது. கிடைத்தால் மாதச் சம்பளம், மருத்துவ விடுப்பு, கடைசியில் பென்ஷன். அன்னம்மாள் விண்ணப்பம் போட்டாள். ஆண்களுக்கு மட்டும் என்று மேலாளர் சேஷகிரி திருப்பிக் கொடுத்தார்.

"பொம்பளை உடம்பு தாங்காதும்மா. உன் நல்லதுக்குத்தான் ரூல்ஸே!"

தேர்வு நாள் வந்தது. ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்கிப் பத்தடி நடக்க வேண்டும். ஆறு ஆண்கள் தோள் தட்டி மைதானத்தில் நின்றார்கள். மூட்டையைத்தான் காணோம்.

"அன்னம்மா, அந்த மூட்டையைக் கொண்டு வந்து போடு!" என்றார் சேஷகிரி.

நூறடி தூரம் தலையில் சுமந்து வந்து போட்டாள். ஐந்து பேர் தோற்றார்கள். முனிராஜ் என்பவன் பல்லைக் கடித்துத் தூக்கிவிட்டான். இடுப்பில் ஏதோ பிசகியது, வெளியே சொல்லவில்லை.

"நானுந்தானே தூக்கினேன் சார்?"

"நீ எங்கே தூக்கினே? கொண்டு வந்தே. சும்மா வாதம் பண்ணாதே."

அவள் விடவில்லை. மேலிடத்துக்கு மனு போட்டாள். மூன்று மாதம் கழித்து ஆணை வந்தது. 'மேற்படி மூட்டை ஆணால் தூக்கப்படுகையில் ஐம்பது கிலோ எனவும், பெண்ணால் சுமக்கப்படுகையில் வீட்டுச் சாமான் எனவும் கருதப்பட வேண்டியது.'

"பாத்தியா, எவ்ளோ யோசிச்சு எழுதியிருக்காங்க!" என்று உருகினார் சேஷகிரி. அன்னம்மாளுக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன செய்ய? மறுநாளும் கூலிக்கு வந்தாள்.

முனிராஜ் காக்கி மாட்டிய முதல் வாரமே, மூட்டை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தான்.

"இன்னாப்பா ஆச்சு?"

"இடுப்புக்கா. நிமிர முடியலை. லீவு கேட்டா, ஆம்பளைக்கு இன்னா இடுப்பு வலின்னு சிரிக்கிறாரு."

அவன்மேல் அவளுக்கிருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது. அவன் பங்கு மூட்டையையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"நான் பாத்துக்கறேன். நீ மொதல்ல கண்ணைத் தொடை," என்றாள் அன்னம்மாள். "யாராச்சும் பாத்துடப் போறாங்க. ஆம்பளை அழலாமா?"